அடியெடுத்துக் கொடுக்காதவர்

கல்முனை பிரதான வீதியில் ஒரு பாமசி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையின் முன்னால் நின்ற முதியவர் இரண்டு கைகளையும் கண்ணாடி மேசையில் ஊன்றியபடி கடைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். கடைக்காரர் உதவிக்கு வந்தார். பிரஷருக்கா? நெஞ்செரிவா? சீனி வருத்தத்துக்கா? ஒவ்வொன்றுக்கும் முதியவர் யோசித்தார். சீனி என்றபோது தலையைக்கூட மெல்ல அசைத்தார். கடைக்காரர் மருந்துத் தட்டுப் பக்கம் திரும்பினார்.

வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் விரலை உயர்த்தினார்.

"பொறுங்க. அவர் தேடுறார்."

அறுபது வயதைத் தொட்டவர். சாம்பல் நிற அபாயா, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். குரல் உயரவில்லை, ஆனால் கடைக்காரரின் கை நின்றுவிட்டது. நாங்கள் ஐந்தாறு பேர் நனைந்த குடைகளோடு நின்றோம். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். ஒருவர் இருமினார். முதியவர் வீதியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"எனக்கு ஒண்டும் வேணாம் மனே. மழைக்கு ஒதுங்கின."

எல்லோரும் சிரித்தோம். முதியவரும் சிரித்தார். அந்தப் பெண் கடைக்காரரிடம் சொன்னார்: "நீங்க எடுத்துக் குடுத்திருந்தா, இப்ப சீனி வருத்தக் குளிசையோட ஊட்டுக்குப் போயிருப்பார்."

நான் அவரை முதலில் கண்டது அன்றுதான். அவர் நரம்பியல் விஞ்ஞானி. மனித மூளை எப்படி மூப்படைகிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் வேலை. கால் நூற்றாண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தவர். பிறகு ஒரு நாள் மருதமுனைக்குத் திரும்பி, பெற்றோர் அவருக்கென்று கட்டிப் பூட்டி வைத்திருந்த வீட்டைத் திறந்தார். சுனாமியில் கடல் ஏறி வந்த வருடம் அந்த வீட்டின் சுவர்கள் நின்றன, கதவுகள் போயின. புதுக் கதவு போட்டுக்கொண்டு, தங்கையின் குடும்பத்தோடு அதில் இருந்தார். ஊர் அவருக்கு 'மூளை டொக்டர்' என்று பெயர் வைத்தது. தலையிடிக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தான் மருந்து எழுதும் டொக்டர் அல்ல என்று விளக்குவார். அவர்கள் கேட்டுவிட்டு, சரி, தலையிடிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள்.

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. முதியோர் சங்கம், பள்ளிவாசல் மண்டபம், பெண்கள் கூட்டம் என்று எங்கே பேசினாலும் அதைச் சொல்வார். "பேர் மறந்தா பயப்பட வேணாம். ஆளையே மறந்தாத்தான் என்னட்ட வாங்க." வயதான மூளை எதையும் தொலைத்துவிடுவதில்லை, எடுத்து வர நேரம் எடுக்கிறது என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. முதியவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் மகள் சொல்லிக் கொடுக்கிறாள், மருமகன் சொல்லிக் கொடுக்கிறான். பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தபின் முதியவர் தேடுவதையே விட்டுவிடுகிறார். பிறகு வாப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு என்று குடும்பம் அழுகிறது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கும்.

ஆகவே அவர் யாருக்கும் அடியெடுத்துக் கொடுக்க மாட்டார். ஆராய்ச்சியில் அது விதி: கேள்வியைக் கேட்க வேண்டும், வாயை மூடிக்கொள்ள வேண்டும், புருவத்தைக்கூட உயர்த்தக் கூடாது. அவருக்கு அது விதியைத் தாண்டி இயல்பாகிவிட்டிருந்தது. கலியாண வீட்டில் அவருடைய பெயர் தெரியாமல் விழிக்கிறவரிடம் பெயரைச் சொல்ல மாட்டார். புன்னகையோடு நிற்பார். தனக்கும் அதே நடைமுறைதான். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது, குசினி வாசலில் நின்று ஏதோ ஒரு சாமானின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கை அகப்பையைப் பிடித்தபடி பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ராத்தா, சோறு ஆறுது. கையால காட்டுங்களன்."

"பொறு புள்ள. வருது."

வந்தது. கறிக்கரண்டி.

அந்த மௌனத்தின் மறுபக்கத்தை நான் என் வீட்டிலேயே அனுபவித்தேன். பெரியநீலாவணையில் இருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்த காலம். அவரைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பினேன். 'ஞாபக மறதிக்கு மருந்து: கல்முனைப் பெண் சாதனை' என்ற தலைப்போடு வந்தது. மறுநாள் காலை அவர் ஓட்டோவில் வந்து இறங்கினார். பத்திரிகையை நான்காக மடித்து மேசையில் வைத்தார். கதிரையில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

தேநீர் கொடுத்தேன். நன்றி என்றார். தலைப்பை நான் போடவில்லை, கொழும்பில் போட்டது என்றேன். தலையசைத்தார். அவர்கள் அவசரத்தில் அப்படித்தான் செய்வார்கள் என்றேன். அதற்கும் தலையசைத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பத்திரிகையையும் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறிய பிறகு, நான் அனுப்பிய பிரதியின் இரண்டாவது பந்தியில் மருந்து என்ற சொல் இருந்தது என்றும், அதை அவர் சொல்லவில்லை, நான்தான் சேர்த்தேன் என்றும் சொன்னேன்.

"அதுதான் தம்பி" என்றார். ஆறிய தேநீரை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார். திருத்தம் மறு வாரம் வந்தது. அதன் பிறகு எந்தக் கட்டுரையையும் அவரிடம் காட்டாமல் அனுப்பியதில்லை. அப்படி ஒரு கட்டுரையோடு அவர் முன்னால் இருந்த நாளில்தான் வட்டவிதானையாரின் மகள் வந்தார்.

வட்டவிதானை என்பது எங்கள் பகுதி வயல்களில் விவசாயிகள் தெரிவுசெய்யும் பொறுப்பாளர். எந்த வாய்க்காலில் எந்த நாள் தண்ணீர், எப்போது கதவை மூடுவது, யாருடைய வரம்பு உடைந்தது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்க வேண்டும். நாள் ஒன்று பிழைத்தால் கடைசி வயல் காயும். நாவிதன்வெளிப் பக்கத்தில் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து செய்யும் ஒரு வயற்கண்டத்துக்கு இந்த மனிதர் முப்பது வருடமாக வட்டவிதானை. மனைவி இல்லை. மருதமுனையில் மகளின் வீட்டில் இருந்தார். விடிய எழும்பி பைசிக்கிளில் வயலுக்குப் போவதுதான் அவருடைய நாள்.

ஊர் முதியோரின் ஞாபகத்தைப் பற்றி டொக்டர் நடத்திவந்த ஆராய்ச்சியில் அவரும் சேர்ந்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை டொக்டர் அவருடைய வீட்டுக்கு வந்து கேள்விகள் கேட்பார். மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பார். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார். மணிக்கூடு வரையச் சொல்வார். இன்று என்ன கிழமை, என்ன திகதி, என்ன மாதம், என்ன ஆண்டு என்று கேட்பார். அந்த முறை வட்டவிதானையாரின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்திருந்தன. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று டொக்டர் ஒரு கடதாசி எழுதி மகளிடம் கொடுத்தார். மருமகன் கவலையில் அதை ஒரு கூட்டாளியிடம் காட்டினார். ஒரு கிழமைக்குள் அந்தச் செய்தி வயலுக்குப் போய்விட்டது. சிறுபோகத்துக்கான விவசாயிகள் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆளைப் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதில் கெட்ட எண்ணம் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது. வயல் காயும் பயமும் இருந்தது.

மகள் அழவில்லை. நின்றபடியே பேசினார்.

"வாப்பா மூணு நாளா வயலுக்குப் போகல்ல. சைக்கிளத் தொடல்ல. சோத்துக்குக் கூப்பிட்டா, என்னட்டக் கேக்காதீங்க, எனக்குத்தான் ஞாபகம் இல்லையாமே எண்டு செல்றார். அவர் எதப் பிழையாச் சென்ன எண்டு மட்டும் செல்லுங்க டொக்டர். நான் கேட்டு வாறன் எண்டு செல்லிட்டு வந்த."

எதைப் பிழையாகச் சொன்னார் என்பதைச் சொல்ல முடியாது, அடுத்த வருடமும் அதே கேள்விதான் என்றார் டொக்டர். அது அவருடைய வழக்கமான பதில். ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி ஆறுதலாகப் பேசத் தொடங்கினார். மகள் பொறுமையிழந்தார்.

"அண்டைக்கே நீங்க வேற நேரம் வந்திருக்கலாம். மஹ்ரிப் தொழுதிட்டு யாசீன் ஓதப் பாய விரிச்சிட்டு இருந்த மனிசன். ஒங்களுக்காகத்தான் ஓதாம இருந்து பதில் சென்ன. வெள்ளி ராவுல யாசீன் பிந்தினது அவருக்கு அண்டைக்குத்தான்."

டொக்டர் எழுந்து உள்ளே போய் வட்டவிதானையாரின் கடதாசி இருந்த கோப்பை எடுத்து வந்தார். கடதாசியின் தலைப்பில் அவரே எழுதிய நேரத்தைப் பார்த்தார். மாலை ஆறே முக்கால். கிழமை, வியாழன்.

எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விடயம் இது. முஸ்லிம்களுக்கு நாள் பொழுதுபடும்போது மாறுகிறது. வியாழன் மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வெள்ளி பிறந்துவிடும். வியாழன் இரவைத்தான் வெள்ளி ராவு என்பார்கள். வட்டவிதானையார் அன்று வெள்ளி என்று சொல்லியிருக்கிறார். மாதம் பிறைக் கணக்கில் ரஜப் என்றிருக்கிறார். திகதியும் ஆண்டும் அந்தக் கணக்கிலேயே சொல்லியிருக்கிறார். நான்குக்கும் டொக்டர் பூச்சியம் போட்டிருந்தார். டொக்டரும் மருதமுனையில் பிறந்து, சிறு வயதில் வெள்ளி ராவு தோறும் உம்மாவின் பக்கத்தில் இருந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதியவர்தான்.

அவர் கதிரையில் இருந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மகள் என்னைப் பார்த்தார். நான் டொக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் என்னட்டக் கேட்டவர்" என்றார் டொக்டர் கடைசியில். "எந்தக் கணக்குல கேக்கீங்க எண்டு. நான் பதில் செல்லல்ல. செல்லக் கூடாது எண்டு பேசாம இருந்தன். தனக்குத் தெரிஞ்ச கணக்குல செல்லட்டாம் எண்டு அவர் நெனச்சிருக்கார்."

அந்தக் கடதாசியை மகளிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிடுவதோடு அது முடிந்திருக்கலாம். முடியவில்லை. பகலில் வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களை அவர் பொழுதுபட்ட பிறகே வீட்டில் பிடிக்க முடிந்திருந்தது. எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு இதே பூச்சியம் போட்டிருக்கிறார் என்று தெரியவில்லை. அந்த முடிவுகளை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் வெளிவர இருந்தது. திரும்பி வந்த பிறகு செய்த வேலை முழுவதும் அதில்தான் இருந்தது. அங்குள்ள சகா ஒருவர், சந்தேகமான கடதாசிகளை மட்டும் விலக்கிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்று தொலைபேசியில் நெடுநேரம் பேசியதாகத் தங்கை பிறகு சொன்னார். டொக்டர் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அடுத்த ஒன்றரை வருடம் ஒவ்வொரு வீடாகத் திரும்பிப் போனார். பல வீடுகளில் நல்ல வரவேற்பு. சில வீடுகளில் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்கள். ஒரு வீட்டில் முதியவர் அதற்குள் இறந்திருந்தார். அங்கேயும் போய், உங்கள் வாப்பாவுக்கு நான் எழுதித் தந்தது பிழையாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் முதலில் அவர் போனது விவசாயிகள் கூட்டத்துக்கு.

பாடசாலை மண்டபம். நூறு பேருக்குக் குறையாது, பெண்கள் நாலைந்து பேர்தான். வட்டவிதானையார் பின் வரிசையில் மகளின் கணவனோடு இருந்தார், முன் வரிசைக்கு வரவில்லை. தெரிவு தொடங்குமுன் டொக்டர், கூட்டத்தை நடத்திய விவசாய அலுவலரிடம் அனுமதி கேட்டு எழுந்தார். பேச்சு சுருக்கமாக இருந்தது. இந்த மனிதரின் ஞாபகத்தைப் பற்றித் தான் எழுதிய கடதாசி பிழை என்றார். எப்படிப் பிழைத்தது என்று சொன்னார். "பிழை இவர்ர இல்ல. என்ட" என்று முடித்தார்.

நாவிதன்வெளியைச் சேர்ந்த தமிழ் விவசாயி ஒருவர் எழுந்தார். தோளில் துவாய், கையில் குடை. கேலியாகத்தான் கேட்டார்.

"வட்டவிதானையார் வெள்ளி ராவுத் தண்ணி எண்டு சொன்னா, நாங்க வியாழக்கிழமை பொழுதுபட மண்வெட்டியோட வரம்புல நிப்பம். நாங்க கோயிலுக்குப் போற ஆக்கள். எங்களுக்கே விளங்குது. மருதமுனையில பிறந்த உங்களுக்கு விளங்கல்லையா, டொக்டர்?"

மண்டபம் டொக்டரைப் பார்த்தது. அவருக்குப் பல பதில்கள் இருந்தன. சர்வதேசப் படிவம் என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் எடுத்தார்.

"விளங்கும் அண்ணன். மறந்திட்டன்."

யாரும் சிரிக்கவில்லை. சில விநாடிகள் கழித்துப் பின் வரிசையில் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. வட்டவிதானையார். அதன் பிறகுதான் மண்டபம் சிரித்தது. தெரிவில் அவருக்கு எதிராக உயர்ந்த ஒன்றிரண்டு கைகளை எண்ணத் தேவையிருக்கவில்லை. மறுநாள் விடிய அவருடைய சைக்கிள் நாவிதன்வெளி வீதியில் போனதை நானே கண்டேன்.

அந்த வாரம் டொக்டர் தன் படிவத்தின் முதல் வரியாக ஒரு கேள்வியைச் சேர்த்தார்: எந்தக் கணக்கில் பதில் சொல்ல விருப்பம்? மற்றபடி அவர் மாறவில்லை. அடியெடுத்துக் கொடுப்பதில்லை என்ற விதி அப்படியே இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் ஏன் என்று கேட்டேன். பேசாமல் இருந்தது பிழையல்ல, கேட்ட கேள்விதான் பிழை என்றார். சொல்லிவிட்டு, நான் அதை எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார்.

அவர் சென்ற வருடம் மௌத்தானார். நெஞ்சு வருத்தம். இரண்டு நாள்தான் கிடந்தார். கடைசியில் ஞாபகம் எப்படி இருந்தது என்று ஊரில் பலர் தங்கையிடம் கேட்டார்கள். மூளை டொக்டரின் மூளையைப் பற்றி அறியும் ஆசை. தங்கை எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: என்னைவிட நல்லா இருந்தது. அவருடைய கட்டுரை, திருத்திய கணக்குகளோடு, அவர் இருக்கும்போதே வெளிவந்தது. முந்தியதைவிடச் சிறியது. அதில் முன்னுரைக்கு அடுத்த பந்தி, தான் எப்படிப் பிழைவிட்டார் என்பதைப் பற்றியது.

அவர் மௌத்தாவதற்கு முன் வந்த சிறுபோகக் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அவர் அதற்கு வரவில்லை. கொழும்பில் இருந்தார். நான் செய்திக்காகப் போயிருந்தேன். அதே மண்டபம். வட்டவிதானையார் இந்தத் தடவை முன் வரிசையில் இருந்தார். தெரிவு தொடங்கியதும், பழையவரே இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். பலர் ஓம் என்றார்கள். வட்டவிதானையார் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

தன்னைப் போட வேண்டாம் என்றார். தண்ணீர் நாளைத் தன்னை நம்பி விட வேண்டாம் என்றார். சொற்கள் இடைவெளி விட்டு வந்தன, ஆனால் தெளிவாக வந்தன. போன மாதம் டொக்டர் வந்து பார்த்ததாகச் சொன்னார்.

"அசர் தொழுது முடிஞ்சி, நல்ல வெளிச்சத்துல வந்த. ரெண்டு கணக்குலயும் கேட்டா. நல்லாப் பொறுத்தா. எனக்கு ரெண்டுலயும் வரல்ல."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. முன்பு டொக்டரைக் கேலி செய்த அதே நாவிதன்வெளிக்காரர் எழுந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை, அண்ணனிடம் கெஞ்சுவது போல இருந்தது.

"காக்கா, அந்த டொக்டர் முந்தியும் பிழையாத்தானே எழுதினவ. இப்பவும் பிழையா இருக்கும். நீங்க இருங்க."

வட்டவிதானையார் அவரைப் பார்த்தார்.

"பிழை எண்டு அவதானே வந்து சென்ன" என்றார். "இஞ்ச, இந்த இடத்துல நிண்டு. இப்ப சரி எண்டு செல்லக்குள்ள நம்பாம இருக்கேலுமா?"

அவர் கதிரையில் இருந்துகொண்டார். அலுவலர் பேனாவை எடுத்து, வேறு பெயர் ஏதும் உண்டா என்று கேட்டார்.